இரவு பகலாக ஓடும் பைக் பந்தயம்: போல் டோரின் கதை

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்களாகச் சேர்ந்து பைக்கில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய், வேலையை முடித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பியிருக்கிறார்கள். வந்து இறங்கியபோது ஒருவருக்கும் முதுகு நிமிரவில்லையாம். அந்த நேரம் பார்த்து ஒருவர், “வெளிநாட்டில 24 மணித்தியாலம் ஓடுற பைக் றேஸ் இருக்கு” என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தம்பியின் கேள்விகள்: அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, எப்போது தொடங்கியது? முழு நேரமும் ஒரே ஆளா ஓட்டுகிறார்? நாங்கள் ஓட்டுகிற பைக்குக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

சொன்னவர் பொய் சொல்லவில்லை தம்பி. அப்படிப் பல பந்தயங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூத்தது பிரான்சில் நடக்கும் ‘போல் டோர்’. பொன் கிண்ணம் என்று அர்த்தம். முதல் பந்தயம் 1922 மே மாதம், பாரிஸ் நகருக்கு வெளியே வோஜூர் என்ற ஊர்ப்பக்கம் நடந்தது. ஏற்பாடு செய்தவர் யூஜென் மோவ். கார்களுக்கான புகழ்பெற்ற லெ மான் 24 மணித்தியாலப் பந்தயம் 1923இல்தான் தொடங்கியது. அதாவது, இந்த விஷயத்தில் பைக்காரர்கள் ஒரு வருடம் முந்திக்கொண்டார்கள்.

அந்த முதல் பந்தயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு சுற்று 5 கிலோமீற்றரும் சொச்சமும். மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடிக்குப் போகிற அளவு தூரம். தார் போடாத றோட். அதில் ஓட்டுநர் தன்னந்தனியாக 24 மணித்தியாலமும் சுற்ற வேண்டும். மாற்று ஓட்டுநர் கிடையாது. சாப்பிட வேண்டும், கால் நீட்ட வேண்டும் என்றால் இறங்கலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. வென்றவர் டோனி ஸிண்ட். அவர் ஓட்டியது மோட்டோசகோஷ் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பனியின் 500 சிசி வண்டி. ஓடிய தூரம் 1,245 கிலோமீற்றர்.

இந்தக் கணக்கை உங்கள் பயணத்தோடு வைத்துப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 310 கிலோமீற்றர். போய் வந்து, இறங்காமல் திருப்பி, இன்னொரு தடவையும் போய் வந்தால்தான் ஸிண்ட் ஓடிய தூரம் வரும். பின்பக்கம் ஷொக் அப்சோபர் என்ற ஒன்றே இல்லாத வண்டியில், மண் றோட்டில், இரவு முழுவதும். சராசரி வேகம் மணிக்கு 52 கிலோமீற்றர்தான். இன்றைக்குக் கேட்டால் சின்னக் கணக்குப் போலத் தெரியும். ஆனால் நிற்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி. கொழும்புக்குப் போய் வந்த உங்கள் பயணத்தில் தேத்தண்ணிக் கடை, பெற்றோல் செட், நின்று படம் எடுத்த இடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டுப் பாருங்கள், விளங்கும்.

வெளிச்சம் இன்னொரு தலையிடி. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் கார்பைட் விளக்குத்தான் பரவலாக இருந்தது. மாம்பழத்தைப் பழுக்கவைக்கக் களவாகப் போடுகிறார்களே, அதே கார்பைட். மேலே ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, கீழே கார்பைட் துண்டு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, கிளம்பும் வாயு குழாய் வழியாக விளக்குக்குப் போய் எரியும். குழியில் வண்டி தூக்கிப் போட்டால் சுவாலை நடுங்கும். அப்படி ஒரு வெளிச்சத்தை நம்பி ஓடிய காலம் அது.

பந்தயம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. இடம் சில தடவை மாறி, 1937இலிருந்து பெரும்பாலும் பாரிஸ் நகருக்குத் தெற்கே உள்ள மோன்லேரி ஓட்டப் பாதையில் நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் நின்று, 1947இல் திரும்பவும் தொடங்கியது. இந்தக் காலகட்டத்தில் மறக்கக் கூடாத பெயர் குஸ்தாவ் லெஃபேவ்ர். நோர்ட்டன் மேன்க்ஸ் என்ற ஒற்றைச் சிலிண்டர் 500 சிசி வண்டியில் 1947 முதல் 1957 வரை ஏழு தடவை போல் டோரை வென்றவர். அதில் ஐந்து தடவை தனி ஆளாக. ஒற்றைச் சிலிண்டர் என்றால் அதிர்வு எப்படி இருக்கும் என்று பழைய புல்லட் ஓட்டியவர்களைக் கேளுங்கள். ஒரு மணித்தியாலத்திலேயே உள்ளங்கை மரத்துப்போகும். இந்தப் பந்தயத்தின் முழு வரலாற்றிலும் என் கணக்கில் முதல் இடம் லெஃபேவ்ருக்குத்தான். பின்னால் வந்தவர்கள் அவரைவிட வேகமாக ஓட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் படுத்து எழும்ப நேரம் கிடைத்தது.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில். ஒரே ஆள் முழு நேரமும் ஓட்டும் முறை 1953 வரைதான். 1954இலிருந்து ஒரு வண்டிக்கு இருவர் என்று விதியை மாற்றினார்கள். லெஃபேவ்ரின் கடைசி இரண்டு வெற்றிகளும் அப்படி இன்னொருவரோடு சேர்ந்து பெற்றவை. இப்போது ஒரு வண்டிக்கு மூன்று பேர். ஒருவர் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓட்டிவிட்டு இறங்குவார். அடுத்த இரண்டு மணித்தியாலத்தில் சாப்பாடு, தசைப்பிடிப்புக்கு உருவிவிடுதல், முடிந்தால் ஒரு குட்டித் தூக்கம். அப்புறம் மறுபடியும் ஹெல்மெட்.

இதனால் பந்தயம் இலகுவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தனி ஆள் ஓட்டிய காலத்தில் வண்டியும் அவரோடு சேர்ந்து ஆறுதலாகத்தான் ஓடியது. களைத்த மனிதனால் வண்டியை உச்சத்தில் வைத்திருக்க முடியாது. ஆளை மாற்றலாம் என்று வந்ததும் ஒவ்வொரு மணித்தியாலமும் புது ஆள், புதுப் பலம். வண்டிக்கு மட்டும் ஓய்வே இல்லை. அதுவரை ஓட்டுநரின் முதுகு தாங்கிய சுமையை இப்போது எஞ்சின் தாங்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், போல் டோரின் பிற்கால வரலாறு முழுவதையும் இந்த ஒரு மாற்றத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

1960ஆம் ஆண்டோடு பந்தயம் நின்றுபோனது. காரணம் இலகுவானது. பிரான்சில் சாதாரணக் குடும்பங்களுக்கும் சின்னக் கார் வாங்க வசதி வந்தது. மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டார்கள், பார்க்கவும் ஆள் இல்லை. எட்டு வருடம் எதுவும் நடக்கவில்லை.

1969 செப்டெம்பரில் மோன்லேரியில் திரும்பவும் தொடங்கியபோது வந்து நின்றது ஹொண்டா சிபி 750. நான்கு சிலிண்டர், 736 சிசி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பட்டனை அமத்தினால் ஸ்டார்ட். அந்த வருடம்தான் அது விற்பனைக்கே வந்திருந்தது. “ஜப்பான்காரன் சின்ன வண்டி நல்லாச் செய்வான், பெரிய வண்டி தாங்குமா?” என்ற சந்தேகம் ஐரோப்பாவில் நிறையப் பேருக்கு இருந்தது. அதை ஓட்ட வந்தவர்கள் மிஷெல் ரூஜெரி, டானியல் உர்டிக் என்ற இரண்டு இளைஞர்கள். ரூஜெரிக்கு அப்போது வயது 19. வென்றுவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க உச்சத்தில் ஓடியும் எஞ்சின் உடையவில்லை என்ற செய்திக்கு முன்னால் எந்த விளம்பரமும் நிற்காது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் பெரிய வண்டிச் சந்தை ஜப்பான் பக்கம் சாயத் தொடங்கியது. பிரித்தானியக் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1970இல் ட்ரயம்ஃப், 1971இல் பிஎஸ்ஏ என்று மூன்று சிலிண்டர் வண்டிகளால் போல் டோரை வென்றன. ஆனால் அது அவர்களுடைய கடைசி மூச்சு. சில வருடங்களில் அந்தத் தொழில்களே படுத்துவிட்டன.

எழுபதுகள் எனக்கு மிகவும் பிடித்த காலம். கம்பனிகளைவிடக் கராஜ்காரர்கள் ஆட்டம் போட்ட காலம் அது. 1972இலும் 1973இலும் வென்ற ஜபோட்டோ வண்டி, பாரிஸ் நகரில் ஹொண்டா விற்ற ஒரு கடைக்காரர்கள் சிபி 750ஐ எடுத்து, சிலிண்டரைப் பெருப்பித்துச் செய்தது. 1974இலும் 1975இலும் வென்ற கோதியே, ஜெனூ இருவரும் தாங்களே வண்டியைத் தயார்படுத்தி, தாங்களே ஓட்டியவர்கள். 1975இல் கவசாகி எஞ்சினை எடுத்துக்கொண்டு சட்டத்தைத் தங்கள் யோசனைப்படி செய்தார்கள். மெக்கானிக்கும் ஓட்டுநரும் ஒரே ஆளாக இருந்தால் ஒரு வசதி உண்டு: இரவு இரண்டு மணிக்கு வண்டியில் ஒரு புதுச் சத்தம் கேட்டால், அது எங்கேயிருந்து வருகிறது என்று ஓட்டிக்கொண்டே தெரிந்துவிடும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹொண்டா, 1976இல் ஆர்சிபி என்ற வண்டியோடு நேரடியாக இறங்கியது. அதற்குப் பிறகு நான்கு வருடம், 1976 முதல் 1979 வரை, போல் டோர் ஹொண்டாவுக்குத்தான். ஜான்-குளோட் ஷெமாரன் நான்கு தடவையும் அந்த வெற்றியில் இருந்தார். அதில் மூன்று தடவை கூட ஓட்டியவர் கிறிஸ்டியான் லெயோன். அந்த லெயோன் 1980இல் ஜப்பானில் பரீட்சார்த்த ஓட்டத்தின்போது விழுந்து இறந்துபோனார். அதே 1980இல்தான் இந்தப் பந்தயங்கள் எல்லாம் சேர்ந்து உலகச் சம்பியன்ஷிப் ஆயின.

பந்தயத்தின் நடுவே பெற்றோலுக்கும் டயருக்கும் வண்டி வந்து நிற்கும் இடத்தைப் ‘பிட்’ என்பார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்தப் பந்தயம் முழுதாக விளங்கும். எங்கள் ஊரில் பின் டயர் மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். அக்சல் நட்டைக் கழற்றி, செயினைத் தளர்த்தி, ஸ்ப்ரொக்கெட்டிலிருந்து செயினை எடுத்து, சக்கரத்தை இழுத்தால் இரண்டு பக்கமும் இருந்த புஷ் கீழே உருண்டு ஓடும். அதைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பூட்டுவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம். நீள் பந்தய வண்டியில் ஸ்ப்ரொக்கெட்டும் செயினும் வண்டியோடேயே நின்றுவிடும். சக்கரம் மட்டும் பின்னால் கழன்று வரும். புஷ் விழாது, அது சக்கரத்தோடு பிடித்திருக்கும். முன்பக்கம் பிரேக் கலிப்பர் விலகிக்கொள்ள, சக்கரம் நேரே கீழே இறங்கும். பெற்றோல் ஊற்றுவதற்கு இரட்டை வாய்: ஒன்றால் பெற்றோல் போகும், மற்றதால் தாங்கியில் இருக்கும் காற்று வெளியேறும். அதனால் இருபது லீற்றருக்கு மேல் சில விநாடிகளில் உள்ளே போய்விடும். இரண்டு டயர், பெற்றோல், ஓட்டுநர் மாற்றம் எல்லாம் சேர்ந்து, நல்ல அணிக்குப் பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? 24 மணித்தியாலத்தில் இருபதுக்கு மேற்பட்ட தடவை பிட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி வீணானால் மொத்தம் மூன்று நிமிடம் போய்விடும். அது இரண்டு சுற்றுக்குக் கிட்ட வரும். ஒரு சுற்றில் அரை விநாடி மிச்சம் பிடிக்க ஓட்டுநர் உயிரைக் கொடுத்து ஓட்டுவார். அவர் மணித்தியாலக் கணக்காகச் சேர்த்ததை, பிட்டில் ஒரு நட் இறுகிப் பிடித்தால் ஒரேயடியாக இழக்கலாம்.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். பாதையில் விழுந்தால் வண்டியை ஓட்டுநரே எப்படியாவது பிட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அணி ஆட்கள் ஓடிப்போய்த் தூக்கிவர முடியாது. நள்ளிரவில் ஹெட்லைட் உடைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, தோல் உடுப்போடு மூச்சு வாங்க வரும் ஓட்டுநர்களைப் பார்க்கலாம். வந்து சேர்ந்ததும் மெக்கானிக்குகள் பாய்ந்து விழுவார்கள். ஹாண்டில், ரேடியேட்டர், முன் ஃபோர்க் எல்லாவற்றையும் மாற்றி வண்டியைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள். எட்டாவது மணித்தியாலத்தில் கடைசியாக இருந்தவன், விடியும்போது முதல் பத்துக்குள் நிற்பது அங்கே அதிசயமில்லை.

தொடக்கமும் பழைய முறைதான். வண்டிகள் ஒரு பக்கம் வரிசையாகச் சாய்ந்து நிற்கும், ஓட்டுநர்கள் பாதையின் மற்றப் பக்கம். கொடி அசைந்ததும் குறுக்கே ஓடிப்போய் ஏறி, ஸ்டார்ட் பண்ணிப் பறக்க வேண்டும். கார்களில் இந்த முறையை எப்போதோ விட்டுவிட்டார்கள். பைக்கில் இன்றும் இருக்கிறது.

1978 ஒரு திருப்பம். எழுபதுகளில் லெ மான் நகரின் ஓட்டப் பாதைக்குப் போயிருந்த போல் டோர், அந்த வருடம் பிரான்சின் தெற்கே போல் ரிக்கார் பாதைக்கு மாறியது. அங்கே மிஸ்ட்ரால் என்று 1.8 கிலோமீற்றர் நேர்ப்பாதை ஒன்று இருக்கிறது. சுற்றுக்கு ஒரு தடவை முழுத் த்ரொட்டிலில் அவ்வளவு தூரம் போனால், பலவீனமான எஞ்சின் இரவுக்குள் உடைந்துவிடும். போல் டோரை இழந்த லெ மான்காரர்கள் தங்களுக்கென்று ஒரு 24 மணித்தியாலப் பைக் பந்தயத்தைத் தொடங்கினார்கள். இடையில் போல் டோர் 2000 முதல் 2014 வரை மனி-கூர் பாதையில் நடந்தது; 2015இல் திரும்பவும் போல் ரிக்காருக்கு வந்தது.

அதே 1978இல் ஜப்பானில் சுசுகா 8 மணித்தியாலம் தொடங்கியது. சுசுகா ஊரின் பெயர், சுசுகி கம்பனியின் பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பாதை ஹொண்டாவின் சொத்து. சொந்த வீட்டில் நடந்த முதல் பந்தயத்திலேயே ஹொண்டாவின் ஆர்சிபி வண்டிகள் தோற்றன. வென்றது யோஷிமுரா என்ற சின்னப் பட்டறை தயாரித்த சுசுகி. ஓட்டியவர்கள் வெஸ் கூலி, மைக் போல்ட்வின் என்ற இரண்டு அமெரிக்கர்கள். நேரம் எட்டு மணித்தியாலம்தானே என்று குறைவாக எடைபோடக் கூடாது. ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்கம். ஜப்பானில் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் காலம். எங்கள் கச்சான் காற்றுக் காலத்து மத்தியானத்தில் தோல் உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டு நின்று பார்த்தால் ஓரளவு விளங்கும்.

1985இல் சுசுகாவில் நடந்ததை இன்றும் பேசுவார்கள். மூன்று தடவை உலகச் சம்பியனான கெனி ரொபர்ட்ஸ், ஓய்வு பெற்ற பிறகு தைரா என்ற ஜப்பானிய ஓட்டுநரோடு சேர்ந்து யமஹாவில் வந்தார். தொடக்கத்தில் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகவில்லை, எல்லோரும் போய்விட்டார்கள். பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பிடித்து முன்னணிக்கு வந்து, மாலை வரை முன்னணியை விடவில்லை. முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருக்கையில் எஞ்சின் போய்விட்டது. நேர்ப்பாதையோரம் தைரா மெதுவாக வந்து வண்டியை நிறுத்த, வெற்றி ஹொண்டாவில் வந்த வெய்ன் கார்ட்னர், தொகுனோ சோடிக்குப் போனது. 2019இல் இதைவிடக் கொடுமை: கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த கவசாகியின் ஜொனதன் ரே, இன்னொரு வண்டி கொட்டிய எண்ணெயில் சறுக்கி விழுந்தார். சிவப்புக் கொடி. முதலில் யமஹாதான் வென்றது என்று அறிவித்து, மேடைக் கொண்டாட்டமும் முடிந்த பிறகு முறைப்பாடு வந்து, தீர்ப்பு கவசாகிக்கு மாறியது.

சரி, எங்கள் பைக்குகளுக்கு என்ன சம்பந்தம்? 1985இல் சுசுகி, நீள் பந்தய வண்டியின் அமைப்பை வைத்து ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 என்ற வண்டியைச் சந்தைக்கு விட்டது. எடை குறைந்த அலுமினியச் சட்டம், எண்ணெயால் குளிர்த்தும் எஞ்சின், முன்னால் இரவுப் பந்தயத்துக்கென்று வைத்த மாதிரியே இரட்டை வட்ட ஹெட்லைட். அந்த வருடமே லெ மான் 24 மணித்தியாலத்தில் முதல் இரண்டு இடமும் அதற்கு. அந்த வண்டிக்கு ஆங்கிலம் பேசும் நாட்டு இளைஞர்கள் வைத்த பட்டப்பெயர்தான் ஜிக்ஸர். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பையன்கள் ஓட்டும் 150 சிசி ஜிக்ஸருக்கு அந்தப் பெயர்தான் வந்திருக்கிறது. எஞ்சின் வேறு, விலை வேறு, பெயர் மட்டும் அங்கேயிருந்து வந்தது. ஹொண்டாவும் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பாவில் விற்ற சிபி 900க்கு ‘போல் டோர்’ என்றே பெயர் வைத்தது.

இன்றைக்கு மூன்று பேர் மாறி மாறி ஓட்டும் அணி 24 மணித்தியாலத்தில் லெ மானில் 3,500 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. ஸிண்ட் ஓடியதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

தனி ஆளாக ஓடிப் பார்க்க ஆசை என்றால் அமெரிக்காவில் ஐயர்ன் பட் என்றொரு சங்கம் இருக்கிறது. 24 மணித்தியாலத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீற்றர் ஓடி, பெற்றோல் பில்களைச் சேர்த்து அனுப்பினால் சான்றிதழ் கொடுப்பார்கள். அது பந்தயம் இல்லை. முந்துவதற்கு ஆளும் இல்லை. ஆனால் தம்பி, அதை எங்கள் றோட்டில் செய்து பார்க்க வேண்டாம். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மிச்சமிருப்பது ஊர், சந்தி, பள்ளிக்கூடம், மாடு எல்லாம் வரும் றோட். இரவில் ஹபரணையிலிருந்து வெலிக்கந்தை, புனாணை வரை யானை எந்த இடத்தில் குறுக்கே வரும் என்று அங்கேயே குடியிருப்பவருக்கும் தெரியாது. பந்தயப் பாதையில் தூக்கம் வந்தால் பிட்டில் இறங்கலாம், விழுந்தால் மணல் படுக்கை இருக்கிறது, அம்புலன்ஸ் நிற்கிறது.

பார்க்க ஆசையிருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். லெ மான் வழக்கமாக ஏப்ரலில், போல் டோர் செப்டெம்பரில். இரண்டும் அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் எங்களுக்கு மாலை 6.30. தொடக்கத்தை ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள். அங்கே அதிகாலை 3 மணி என்றால் இங்கே காலை 6.30. ஏப்ரலில் லெ மானில் அந்த நேரம் நல்ல குளிர், டயர் சூடேறாது, பிட்டிலிருந்து வெளியே வந்த முதல் சுற்றிலேயே ஆட்கள் விழுவார்கள். அந்த நேரம் பார்க்கத் தொடங்கினால் உண்மையான பந்தயத்தைப் பார்க்கலாம்.